மேல் றெக்கை, கீழ் றெக்கை

மாசி 3, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு ஒரு வெள்ளை மாத்திரை, பாதி மஞ்சள் மாத்திரை. வலது கையில் கட்டை விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மூன்று இட்லி சாப்பிட்டார். நாலாவது வேண்டாம் என்று பூனையிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் இந்த டைரியைக் கொடுத்தாள். "என்ன அசையுது, என்ன அசையலைன்னு தெனமும் எழுதி வையுங்கம்மா" என்றாள். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்து எனக்கு இருபத்தேழு வயதில்தான் வந்தது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த காலம். சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் பெட்ரோமாக்ஸ் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மயிலாத்தாள் என்று என் பெயரை எழுதவே பதினாறு நாள் பிடித்தது. சொல்லிக்கொடுத்தவருக்குச் சலித்துப்போய், "சின்னதா வேற பேரு வெச்சுக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டார். அது போகட்டும்.

என் வீட்டுக்காரர் பெயர் நஞ்சப்பன். விமான தளத்தில் முப்பது வருசம் ஏரோப்ளேனுக்குப் பெயின்ட் அடித்தவர். வீட்டில் மரக்கட்டையில் சின்ன ஏரோப்ளேன் செய்து ரிமோட்டில் பறக்க விடுவார். ஐப்பசியில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது நடக்கிறார், கோல் ஊன்றி. கைதான் வரவில்லை.

நாங்கள் நேருக்கு நேர் பேசிப் பதினோரு வருசம் ஆகிறது. அவர் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பூனையிடம் சொல்வார். நானும் அப்படியே. பூனைக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் மரியாதை இல்லை.

மாசி 4, திங்கள்

கட்டை விரல் நேற்றுப் போலத்தான்.

ஓசூரிலிருந்து மகள் சுகந்தி பேசினாள். இரண்டு பேரும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைக்கச் சொன்னாள்.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வந்தர்றேம்மா. இங்கயே இருக்கட்டும். வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்க ஆள் இருக்குது. உனக்கும் ரோதனை விட்டுது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த வீடு, இந்த அடுப்பு, ஜன்னலோரத்துக் கட்டில், ஃபேன் காற்று, எல்லாம் எனக்கு மட்டும். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு வாய் காப்பி குடிக்கலாம்.

அவர் போனைப் பார்த்துச் சொன்னார். "ரெட்ட றெக்க முடியாம நான் வர மாட்டேன். அது பறந்த மறுநாள் காரக் கொண்டா."

ரெட்டை றெக்கை என்பது அவர் விழுவதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த ஏரோப்ளேன். பழைய காலத்துச் சண்டை விமானம் மாதிரி, மேலே ஒரு றெக்கை, கீழே ஒரு றெக்கை. உடம்பு முடிந்து அலமாரி மேல் கிடக்கிறது, தலையைச் சீவிய கோழி போல. கீழ் றெக்கை அரைகுறையாக நிற்கிறது, மேல் றெக்கை இன்னும் வெறும் கட்டையாகத்தான் இருக்கிறது. அவருக்கோ ஒரு கை.

"அம்மா, நீ செஞ்சு குடுத்துரேன்" என்றாள் சுகந்தி.

"பூனை, அவளுக்கு அதெல்லாம் வராதுன்னு சொல்லு" என்றார் அவர்.

வராதாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே செய்கிறேன்.

மாசி 6, புதன்

கட்டை விரலோடு ஆள்காட்டி விரலும் அசைந்தது.

பால்சா என்று ஒரு மரம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. முருங்கைக் கட்டை இதற்கு முன்னால் இரும்பு. முருங்கை என்றதும் ஞாபகம் வருகிறது, கீழ் வீட்டுப் பூவாத்தாள் வீட்டு முருங்கை மரம் போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசிக் காற்றில் எங்கள் ஓட்டின் மேல் சாய்ந்தது. அன்றைக்குக்கூட இவர் என்னிடம் பேசவில்லை. "பூனை, மழை வருது, பாத்திரத்த வெக்கச் சொல்லு" என்றார். தண்ணீர் என் தலை மேலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அது போகட்டும்.

வேலை இதுதான். பலகை மேல் பிளான் தாளை விரிக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தாள், பசை பிடிக்காமல் இருக்க. தாளில் ஒரு பக்கத்து றெக்கை மட்டும் வரைந்திருக்கிறது. மீன் முள்ளு மாதிரி நடுவில் ஒரு தண்டு, குறுக்கே பதினொரு விலா. விலாவை மெல்லிய பலகையிலிருந்து பிளேடால் அறுத்து, குண்டூசி குத்தி நிறுத்தி, பசை வைக்க வேண்டும்.

"பூனை, அது விலா, வெண்டைக்கா இல்ல. மூச்ச அடக்கிட்டு அறுக்கச் சொல்லு."

"பூனை, வெண்டைக்கா அறுத்துப் போட்டதத் தின்னு வளந்த வாயி இது. அடக்கச் சொல்லு."

மூன்று விலா உடைந்தது. நாலாவது வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இருபது வருசம் பிசிறு வெட்டிய கை. ஒரு நூல் நீட்டியிருந்தால் எனக்குத் தெரியும்.

மாசி 9, சனி

பசை பட்டு என் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன், தோலோடு வந்தது. அவர் சிரித்தார். வாயின் வலது ஓரம் அசைந்தது. எழுதி வைக்கிறேன்.

மாசி 12, செவ்வாய்

விரல் இரண்டும் அசைகிறது. மத்தியானம் தட்டைத் தள்ளினார். உப்பு இல்லையாம். உப்பு போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைப் பூனையிடம் சொன்னேன். பூனை எழுந்து போய்விட்டது.

கீழ் றெக்கையின் இரண்டு பக்கமும் அவர் விழுவதற்கு முன்னாலேயே விலா மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். மிச்சத்தை ஒட்டி நேற்று முடித்தேன். மேல் றெக்கை இரண்டு பக்கமும் நான்தான் முதலிலிருந்து. ஒரு பக்கம் இன்று முடிந்தது.

பூவாத்தாள் மோர் கேட்டு வந்தவள், பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆம்பளைக்குப் பொம்மை செஞ்சு குடுக்கற வயசாக்கா இது?"

"பொம்மை பறந்தா ஆளும் பறந்துருவாரு. செய்யாம என்ன?"

"இத்தன வருசம் கழிச்சு அப்படியென்னக்கா கோவம்?"

அவளுக்குத் தெரியாதா என்ன. ஊருக்கே தெரியும். என் அப்பன் செத்த அன்று நடந்தது. எங்கள் பக்கத்தில் மருமகன் வந்து கோடித் துணி போடாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்கவும் வேண்டும். என் அப்பனுக்கு நான் ஒரே பிள்ளை, இவர் ஒரே மருமகன். காலையில் ஏரோப்ளேனைத் தூக்கிக்கொண்டு, காய்ந்த குளத்தில் பறக்க விடப் போனவருக்குப் பதினொரு மணிக்கே ஆள் போய்ச் சொல்லியாயிற்று. வரவில்லை. வெயிலில் என் அப்பன் கிடக்கிறார், சுற்றிலும் சனம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. பொழுது இறங்கும்போது வந்தார். ஏரோப்ளேன் வேலமரத்தில் மாட்டிக்கொண்டதாம், எடுத்துக்கொண்டு வர நேரமாகிவிட்டதாம். இத்தனை பேர் முன்னால் ஏன் என்று கேட்டேன். "பொணம் எங்க போயிரப் போகுது" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாசி 17, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேல் றெக்கையின் இரண்டாவது பக்கமும் முடிந்தது. நாலு நாள் வேலை. குண்டூசியெல்லாம் பிடுங்கி, தேய்த்து, முதல் பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. ஒன்றின் முன் விளிம்பு இருக்கும் பக்கம் இன்னொன்றின் பின் விளிம்பு இருக்கிறது. திருப்பி வைத்தால் மேடு கீழே போகிறது. இரண்டும் இடது பக்கத்து றெக்கை. ஒரு ஜோடி என்று இரண்டு இடக்கால் செருப்பைத் தைத்த மாதிரி.

தாளில் ஒரு பக்கம்தான் வரைந்திருக்கிறது என்று எழுதினேன் அல்லவா. இன்னொரு பக்கத்துக்கு அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கட்ட வேண்டுமாம்.

இது எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். புதன்கிழமை காலையில் அவர் சொன்னார். "தாளத் திருப்பிப் போடணும்" என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் அப்போது பூனை வீட்டில் இல்லை. மீன்காரன் சத்தம் கேட்டு வெளியே போயிருந்தது. பூனை இல்லாதபோது சொன்னது சொன்னதாகாது. இத்தனை வருசமாக அப்படித்தான். காதில் விழுந்ததை விழவில்லை என்று வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நாலு நாள், ஒவ்வொரு விலாவாக நான் தப்பாக நிறுத்துவதைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறார். பூனை எத்தனையோ தடவை உள்ளே வந்து போனது. மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று நான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது சொன்னார்.

"பூனை, ஒரு பக்கமே ரெண்டு றெக்க முளைச்ச ஏரோப்ளேன் பாத்திருக்கறயா? வட்டமாச் சுத்தி அது மூஞ்சியவே அது கொத்திக்கும். அவங்கப்பன் வம்சம் மாதிரி."

பலகையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். உடைத்தால் யாருக்கு நஷ்டம்? அவர் இங்கேயே கிடப்பார்.

மாசி 18, திங்கள்

பேசவில்லை. பூனையிடமும்.

மாசி 20, புதன்

விரல் மூன்று அசைகிறது. டம்ளரைப் பிடிக்கப் பார்த்தார். விழுந்தது. துடைத்தேன்.

பெட்டியில் மிச்சம் இருக்கிற மரம் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். வாங்கலாம் என்றால் ஊரில் கிடைக்காது, எங்கோ வடக்கேயிருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகும். பங்குனி பாதியில் மழை பெய்தால் குளத்தில் கால் வைக்க முடியாது. அதனால் இனி ஒரு விலா உடைந்தாலும் ரெட்டை றெக்கை இந்த வருசம் இல்லை. இவர் இன்னொரு வருசம் எனக்கு எதிரே உட்கார்ந்து உப்பில்லை என்பார். அதை நினைத்துக்கொண்டு அறுத்தேன். ஒன்றும் உடையவில்லை.

தாளைக் கவிழ்த்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறது, கோடு தெரியவில்லை. பூனையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து மடியில் வைத்துக் கேட்டேன்.

"பூனை, இந்தப் பக்கம் கோடே தெரியலைன்னு சொல்லு."

"பூனை, வெளக்கெண்ணெயத் தடவச் சொல்லு. தோசைக்கல்லுக்குத் தடவற மாதிரி. தடவிட்டுத் தொடைச்சா எல்லாம் தெரியும்."

தடவினேன். மறுபக்கத்துக் கோடெல்லாம் மேலே வந்துவிட்டது. பூனை எண்ணெயை நக்கிவிட்டு மத்தியானத்திலிருந்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடக்கிறது.

மாசி 26, செவ்வாய்

முடிந்தது. இந்தத் தடவை வலது.

பங்குனி 1, ஞாயிறு

எலும்புக்கூட்டின் மேல் தோல் போர்த்துகிற வேலை. சிவப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை றெக்கை மேல் விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால், சுருங்கி மத்தளத்தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். சூடு கூடினால் பொத்துக்கொள்ளும், குறைந்தால் சுருக்கம் விழும்.

"பூனை, மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லு."

"பூனை, பனியன் கம்பெனியில கடைசி ஏழு வருசம் இஸ்திரி டேபிள்ல நின்னவ நான். பெயின்ட் அடிச்சவரு பெயின்ட்டப் பத்திப் பேசட்டும்."

மேல் றெக்கை இரண்டு பக்கம், கீழ் றெக்கை இரண்டு பக்கம். மத்தியானத்துக்குள் போர்த்திவிட்டேன். கட்டில் மேல் வரிசையாக வைத்தேன். அவர் இடது கையை ஒவ்வொன்றின் மேலும் ஓட்டினார். ஒரு சுருக்கமாவது கிடைக்காதா என்று முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ரொம்ப நேரம் தேடினார்.

"பூனை, காப்பி ஆறிப்போச்சு" என்றார்.

பங்குனி 5, வியாழன்

நாலு விரல். ரிமோட்டில் இரண்டு குச்சி இருக்கிறது. இடது குச்சி விசைக்கும் வாலுக்கும். வலது குச்சி மேலே கீழே போகவும் சாயவும். அவருக்கு இடது கைதான். வலதை யார் பிடிப்பது என்று யாரும் பூனையிடம் கேட்கவில்லை. நாலு நாளாக ஏரோப்ளேனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வலது குச்சியை நான் ஆட்டிப் பழகுகிறேன். இழுத்தால் மூக்கு தூக்கும், தள்ளினால் கவிழும். அது நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலம் மாறிவிடுமாம். மாறட்டும். இந்த வீட்டில் எது மாறாமல் இருந்தது.

பங்குனி 7, சனி

காலை ஏழு மணிக்கு ஆட்டோக்காரர் திருமூர்த்தி வந்தார். ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போகிறவர் அவர்தான். ஏரோப்ளேனை மடியில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போனோம். குளம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கரையில் நாலு வேலமரம்.

அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டினோம். நான் வலது பக்கம் ஒட்டி நின்றால்தான் குச்சி எட்டுகிறது. தோள் இடித்தது. ரிமோட் அவ்வளவுதான் அகலம், வேறு வழியில்லை.

திருமூர்த்தி ஏரோப்ளேனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிப் பறக்க விட்டார். போனது. என் நாலு றெக்கையும் காற்றைப் பிடித்தது.

பூனையை ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை. இவர் கத்தினார், "திருமூர்த்தி, மேல இழுக்கச் சொல்லு."

திருமூர்த்தி திரும்பி ஓடி வந்தார். "அக்கா, மேல இழுக்கச் சொல்றாருங்." அதற்குள் மூக்கு தரையைப் பார்த்துவிட்டது.

"இழுடீ, பொட்டக்கண்ணு, இழு" என்றார். என்னிடம்தான்.

"இழுத்துட்டுத்தான இருக்கறேன். நீங்க வெசையக் கூட்டுங்க" என்றேன். அவரிடம்தான்.

ஏறிவிட்டது. வேலமரத்துக்கு மேலே போய், சாய்ந்து, வட்டம் போட்டது. திருமூர்த்தி எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாய்க்காத. நேரா வையி. அவ்வளவுதான். போதும், பேட்டரி எட்டு நிமிசம்தான் வரும். அடுத்த சுத்துல எறக்கு."

நான் இறக்கவில்லை. அடுத்த சுற்றும் வந்தது. இறக்கவில்லை.

"எறக்குடீ."

"எறக்கறேன். அன்னிக்கு எங்கப்பனக் காக்க வெச்சீங்கல்ல. அந்த மரம் எது? காட்டுங்க."

"இப்ப என்ன பேச்சு இது? கீழ விழுந்துரும்."

"விழுகட்டும். நான் செஞ்சதுதான. எந்த மரம்?"

விசையைக் குறைத்தால் இறங்கிவிடும் என்று அவர் குறைத்தார். நான் மூக்கைத் தூக்கினேன். நடுவானத்தில் தள்ளாடியது. பயந்துபோய் மறுபடியும் கூட்டினார். குச்சி என் கையில் இருந்தது, அவருக்குத் தெரியும்.

"மரமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "அன்னிக்கு மாட்டவே இல்ல. ஆள் வந்து சொல்றதுக்கு முன்னால, பத்து மணிக்கே எறக்கிப் பையில போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"கரையில உக்காந்திருந்தேன். பொழுது எறங்கற வரைக்கும். உங்கப்பன் இருபத்தஞ்சு வருசத்துல ஒரு நாளு என்னைய மாப்பளைன்னு கூப்புட்டிருப்பானா? பெயின்ட்டுக்காரன் வந்துட்டான், பெயின்ட்டுக்காரனுக்குச் சோறு போடு. வாசல்ல வெச்சே கையக் கழுவச் சொல்லுவான். நான் வராம பாடை ஏற முடியாதுன்னு தெரிஞ்சுது. கெடக்கட்டும்னு உக்காந்திருந்தேன். வேணும்னுதான்."

ஏரோப்ளேன் எங்கள் தலைக்கு மேலே வந்துபோனது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருசமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, என் அப்பன் சாவு இவருக்கு ஒரு கட்டைப் பொம்மைக்குக் கீழே என்று. நினைப்பிலேயே இல்லாமல் இருந்துவிட்டார் என்று. அப்படி இல்லையாம். பகல் முழுக்க என் அப்பனையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். என் அப்பன் அப்படிப் பேசுவார் என்பதும் பொய்யில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றியவளே நான்தான்.

"அப்ப அதச் சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நீ கேட்டயா?"

"பொணம் எங்க போயிரப் போகுதுன்னீங்க."

"ஆமா, சொன்னேன். இப்பவும் அதத்தான் சொல்லுவேன். எறக்கு."

இறக்கினேன். வேகமாக வந்து, ஒரு வெடிப்பில் சக்கரம் மாட்டி, குப்புற விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழ் றெக்கையின் ஓரத்தில் தோல் கிழிந்து ஒரு விலா உடைந்திருந்தது. மேல் றெக்கைக்கு ஒன்றும் இல்லை.

"எறக்கத் தெரியல" என்றார்.

"நிறுத்தத் தெரியல உங்களுக்கு" என்றேன்.

திருமூர்த்தி ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். வழியெல்லாம் சண்டை. வீட்டுக்கு வந்து பூனையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துப்போனது.

பங்குனி 8, ஞாயிறு

சொன்ன சொல் சொன்னதுதான். பத்து மணிக்குச் சுகந்தி காரோடு வந்தாள். மாத்திரைப் பெட்டி, வேட்டி, துண்டு, கோல், பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து, எல்லாம் எடுத்து வைத்தேன். காருக்குள் போக வேண்டுமென்றால் றெக்கையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நானே திருகாணியைக் கழற்றினேன். உடம்பைப் பின் சீட்டில் அவர் மடியில் வைத்தேன். அவர் கதவைச் சாத்தவில்லை.

"றெக்க எங்க?"

"பரண் மேல."

"எடுத்துட்டு வா."

"ஒடம்பு நீங்க செஞ்சது, கொண்டு போங்க. றெக்க நான் செஞ்சது. இங்க இருக்கட்டும்."

"கீழ் றெக்கையில வெலா நிறுத்துனது நானாக்கும்."

"ஒட்டுனது நான்."

"றெக்கையில்லாத ஒடம்ப வெச்சு ஓசூருல நான் என்னடீ பண்றது?"

"அது எனக்கெதுக்குங்க? பறக்கோணும்னு சொன்னீங்க, பறந்துச்சு. போங்க."

சுகந்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை அவள் கடைசியாகக் கேட்டது அவள் கல்யாணத்துக்கு முன்னால். "அம்மா, அதக் குடுத்துத் தொலையேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

"குடுக்க வேண்டாம்" என்றார் அவர். "இந்தக் கையி சரியாகட்டும். நானே வந்து, ஏணி போட்டு ஏறி எடுத்துக்கறேன். இவகிட்ட எதுக்குக் கேக்கோணும்?"

கதவைச் சாத்திக்கொண்டார். கார் போய்விட்டது.

வீடு முழுக்க எனக்குத்தான். ஜன்னலோரத்துக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு பின்பக்கம் போய், ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு பூவாத்தாள் வீட்டுக்குப் போனேன். அவள் மாட்டுக் கொட்டகைக்குள், சோளத்தட்டுக் குவியலுக்குப் பின்னால் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வந்தால், ஏணி எங்கே என்று முதலில் என்னிடம் கேட்கட்டும்.